ஒன்பது வெற்றிகளும் ஒரு சைலன்சரும்

சனிக்கிழமை மாலை, நீராவிக் குளியலுக்காக சவுனா அறை சூடாகிக்கொண்டிருக்கிறது. இடையிடையே விறகு போட எழுந்து போக வேண்டியிருக்கும். அதனால் கையெழுத்து அங்கங்கே மாறியிருந்தால் தப்பாக நினைக்க வேண்டாம். முன்பெல்லாம் இந்த வேலையை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொள்வோம். சிர்க்கா தண்ணீர் எடுத்து வைப்பாள், நான் தீயைப் பார்த்துக்கொள்வேன். இப்போது தண்ணீரும் நான்தான்.

மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழுவுக்கு இதை எழுதுகிறேன். என் பெயர் ஆர்வோ கெட்டுனென். வயது ஐம்பத்தொன்பது. லெஹ்மியோகி வட்டாரத்துக்குப் புகைபோக்கி சுத்தம் செய்பவன். லெஹ்மியோகி மோட்டார் சங்கத்தில் பத்தொன்பது வருடமாக வண்டிகளைச் சோதிப்பவனும் நான்தான். கோரிக்கை எளிமையானது. என் மனைவி சிர்க்கா கெட்டுனென் பெண்கள் பிரிவில் இரண்டு கோடைகளில் எங்கள் ஓப்பல் காரில் வாங்கிய ஒன்பது முதலிடங்களை ரத்து செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு நடக்கும் தேசிய இறுதிப்போட்டியின் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட வேண்டும். அந்த வெற்றிகள் அவளுடையவை அல்ல, என்னுடையவை. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கறாரான ஆள். என் சொந்தத் தம்பியின் வண்டியை டயர் இரண்டு மில்லிமீட்டர் அகலம் கூடியதற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவன் நான்கு வருடம் என்னோடு பேசவில்லை, நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செப்டம்பர் மாதச் சேற்றில் மல்லாக்கப் படுத்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்க எங்கள் சங்கத்தில் என்னைத் தவிர யாருக்கும் மனசு வராது. அதனால் நான் சரி என்று சொன்னால் சரி. என் மனைவியின் வண்டியையும் நானே சோதித்தேன். அதில் யாரும் குறை காணவில்லை. நானும் காணவில்லை.

என் தொழில் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒரு வீட்டில் எல்லாம் சரியாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள அடுப்பைப் பார்க்க வேண்டியதில்லை, புகை எப்படி வெளியே போகிறது என்று பார்த்தால் போதும். புகைக்கு வழி சரியாக இருந்தால் தீ தானாக நன்றாக எரியும். இன்ஜினும் அப்படித்தான். குடும்பமும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சிர்க்கா தபால்காரி. இருபத்தாறு வருடமாகக் காட்டு மண்சாலைகளில் காரில் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். குளிர்காலத்தில் சாலை முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டியாக இருக்கும். மற்ற தபால்காரர்கள் மூன்று மணிக்கு முடிப்பதை அவள் ஒரு மணிக்கே முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி போடுவாள். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன வருடம் மே மாதம் பெண்கள் பிரிவுக்கு ஓர் ஆள் குறைந்தபோது, ஐம்பத்து நாலு வயதில், "நான் ஓட்டிப் பாக்குறேனே" என்றாள். சங்கத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பழைய ஓப்பல் ஒன்று எங்கள் கொட்டகையில் கிடந்தது, அதைக் கொடுத்தேன்.

முதல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். முன்னால் போன இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள், இன்னொருத்தி பள்ளத்தில் இறங்கிவிட்டாள். அதிர்ஷ்டம் என்று நான் அன்றைக்கே எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகமெல்லாம் செம்மண். கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. வீடு வந்து சேரும்வரை ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷப்படுகிறவள் அடுத்த முறை பதினோராவதாக வந்தால் என்ன ஆவாள்? அந்த அடியிலிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். இதெல்லாம் அன்பில் தொடங்கியது என்பதைக் குழு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சங்கத்தில் டர்போ கூடாது. எங்கே தேடினால் அகப்படும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை, ஏனென்றால் தேடுகிறவனே நான். எல்லோரும் முன்பக்க மூடியைத் திறந்து இன்ஜின் அருகே பார்ப்பார்கள். அதனால் இன்ஜினில் நான் கையே வைக்கவில்லை. டர்போ என்பது வேறொன்றுமில்லை, வெளியே போகும் சூடான புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும், அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். புகை போகும் வழியில் எங்கே வைத்தாலும் வேலை செய்யும். நான் அதை வண்டியின் வால்பக்கம், சைலன்சருக்குள் வைத்தேன்.

ஜூன் மாதம் முழுக்க அந்த வேலைதான். சைலன்சரின் வயிற்றை நீளவாக்கில் அறுத்து, உள்ளே இருந்த தகடுகளை எல்லாம் எடுத்தேன். ஒரு பழைய டீசல் வேனிலிருந்து கழற்றிய டர்போவை உள்ளே உட்காரவைத்து, மறுபடி மூடி வெல்டிங் வைத்து, மேலே துருப்பிடிக்க உப்புத் தண்ணீர் தெளித்தேன். புதுசாகத் தெரியக் கூடாது அல்லவா. இன்ஜினிலிருந்து அதுவரை போகும் குழாய் மெல்லியது, புகை வழியிலேயே மூச்சுத் திணறும். அதை எடுத்துவிட்டு மூன்று விரல் அகலத்தில் வேறு குழாய் போட்டேன், வளைவுகளுக்கு மூடிப்போன பால் பண்ணையின் துருப்பிடிக்காத குழாய்கள் கிடைத்தன. அழுத்தப்பட்ட காற்று முன்னால் போக கதவுக்கடியில் இருக்கும் உள்ளீடற்ற சட்டம் வழியாகப் பாதை. அழுத்தம் வராதபோது இன்ஜின் வழக்கமான வடிகட்டி வழியே மூச்சு விடும்படி நடுவில் ஒரு ரப்பர் மடல். டர்போவுக்குத் தனியாக எண்ணெய் டப்பா, சின்னப் பம்ப்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புகை வால்பக்கம் வருவதற்குள் சூடு குறைந்துவிடும், சூடு குறைந்தால் சக்கரத்துக்கு வேகம் வராது. இந்த இடத்தில்தான் என் தொழில் கை கொடுத்தது. சவுனா புகைபோக்கிக்குச் சுற்றும் தீப்பிடிக்காத கம்பளி என்னிடம் சுருள் சுருளாக இருந்தது. குழாய் முழுக்க மூன்று சுற்று சுற்றினேன். டர்போவையும் விடவில்லை, குழந்தையைக் குளிருக்குப் பொத்துவது போல அதையும் பொத்தி மூடினேன். மோட்டார் மெக்கானிக் ஒருவனுக்கு இந்த யோசனை வந்திருக்காது.

கடைசியாக, கதவு. புகை சக்கரத்தில் படாமல் பக்கவாட்டில் தப்பிப் போக எல்லா டர்போவிலும் ஒரு சின்னக் கதவு இருக்கும். கதவு திறந்திருந்தால் டர்போ தூங்கும், மூடினால் விழிக்கும். அந்தக் கதவை ஒரு சின்ன மோட்டாரோடு இணைத்து, எங்கள் கார் கொட்டகைக் கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் பொத்தானுக்குக் கட்டுப்படும்படி செய்தேன். பந்தயத் தடம் ஒரு பழைய சரளைக் குழி. சோதகரின் மேடை நட்ட நடுவில். பொத்தான் என் மேல்சட்டைப் பையில். கட்டைவிரலால் அமுக்கினால் சிர்க்காவுக்கு டர்போ, விட்டால் இல்லை. அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். தெரிந்தால் சந்தோஷம் குறைந்துவிடும்.

ஜூலையில் அமுக்கினேன். முதலாவதாக வந்தாள்.

அந்த வாரம் எங்கள் வீடு வேறு வீடாக இருந்தது. உள்ளூர் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். ஏலக்காய் பன் இரண்டு தட்டு சுட்டு, தபால் கொடுக்கும் வீட்டுக்கெல்லாம் கொடுத்தாள். இருபது வருடம் இரண்டாம் இடத்துக்கு இறங்காத ராய்லி ஊலிஹுக்கலா, பால்மாடு வைத்திருப்பவள், அவள் முதுகில் தட்டி, "எங்கடி இருந்த இத்தன நாளு? தபால்பெட்டிக்குள்ளயா?" என்றாள். சிர்க்கா வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். இதை நான் கொடுத்தேன் என்று நினைக்க மனசு நிறைந்தது. கொடுத்தவனால் எடுக்கவும் முடியும் என்பது அப்போது தோன்றவே இல்லை. அடுத்த வாரம்தான் தோன்றியது.

ஆகஸ்டில் சிர்க்கா தம்பெரே நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இரண்டு வாரம் போய் வருகிறேன் என்றாள். இரண்டு வாரம் நீளமானது. பந்தயத்துக்கு முந்தைய நாள் அதைப் பற்றி நிதானமாகப் பேசினோம். நான் தனியாக என்ன சாப்பிடுவேன், என் முதுகு வலி, அவள் அப்பா இறந்தபோது நான்தான் எல்லாம் செய்தேன் என்பது, இப்படி. பேச்சு விடியும்வரை போனது. அவள் தூங்கவில்லை போலிருக்கிறது. காலையில் தடத்துக்குப் போனோம். நான் மேடையில் நின்றேன், பொத்தான் பையில் இருந்தது, என் கையைப் பையில் விடவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. ஆறாவதாக வந்தாள்.

வண்டியிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன், சுட்ட சாசேஜ் வாங்கிப் போயிருந்தேன், கடுகுச் சாந்து அதிகமாக, அவளுக்குப் பிடித்த மாதிரி.

"என்ன ஆச்சுன்னே தெரியல ஆர்வோ. கையும் காலும் என்னோடது மாதிரியே இல்ல."

"சில நாளு அப்படித்தான் இருக்கும்."

"நான் இதுக்கெல்லாம் லாயக்கில்லையோ?"

"சேச்சே, அப்படிச் சொல்லாத. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல. வீட்ல கொஞ்சம் ஓய்வா இரு, சரியாயிடும்."

"அக்கா வீட்டுக்கு அப்புறமா போய்க்கலாம்" என்றாள் அவள். கம்பளித் தொப்பியை எடுத்து அவள் தலையில் நானே மாட்டிவிட்டேன், காது சில்லிட்டிருந்தது. அன்றைக்கு அவளை என்னைப்போல யாரும் ஆறுதல்படுத்தியிருக்க முடியாது. அவள் தோற்ற காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை ஒழுங்காகப் போனது. நான் கொடுமைக்காரன் இல்லை. அடித்ததில்லை, கத்தினதில்லை. பிடிக்காத ஒன்றைச் செய்தாள் என்றால், அந்த ஞாயிறு என் கை பைக்குள் போகாது, அவ்வளவே. தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்த வாரம் நான் அமுக்கவில்லை. ஆனாலும் முதலாவதாக வந்தாள். விருந்தாளிகளைக் கேட்காமல் அழைத்த வாரமும் அமுக்கவில்லை. அன்றும் முதலாவது. இதற்கு விளக்கம் உண்டு. டர்போ உடனே வேலை செய்யாது, அழுத்தம் ஏறக் கொஞ்சம் தாமதமாகும் என்பது விஷயம் தெரிந்த எல்லோரும் அறிந்தது. முந்தின பந்தயத்தில் நான் அமுக்கியது இந்தப் பந்தயத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி விலை விதிக்கு வருகிறேன். குழுவுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வாக்குமூலம் முழுதாக இருக்க வேண்டும். எங்கள் பந்தயத்தின் உயிரே அந்த விதியில் இருக்கிறது. ஓடிய எந்த வண்டியையும், பந்தய உரிமம் வைத்திருக்கும் யாரும், பந்தயம் முடிந்ததும் ஒரே நிர்ணய விலைக்குக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தாக வேண்டும். பலர் கேட்டால் சீட்டுக் குலுக்கல். மறுத்தால் உரிமம் போய்விடும். வண்டிக்குள் யாரும் பணத்தைக் கொட்டக் கூடாது, ஓட்டுகிறவர்தான் முக்கியம் என்பதற்காக வைத்த விதி. சிர்க்காவுக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். "விக்கத் தயாரா இருந்தாத்தான்டா ஆட்டம்" என்பாள். ராய்லி ஒவ்வொரு முறையும் எங்கள் ஓப்பலுக்குச் சீட்டுப் போட்டாள். என் வண்டியை அவள் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தால் கதை முடிந்தது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். உரிமம் வைத்திருந்த பதினாலு பேரிடம், நீங்களும் ஓப்பலுக்குச் சீட்டுப் போடுங்கள், விழுந்தால் வண்டியை எனக்கே திருப்பிக் கொடுங்கள், உங்கள் வீட்டுப் புகைபோக்கி என் பொறுப்பு என்றேன். அந்த வருடம் லெஹ்மியோகியில் ஒரு புகைபோக்கியில்கூடக் கரி கிடையாது. ஒரு வீட்டில் ஜூலையிலிருந்து ஆறு முறை சுத்தம் செய்தேன், உள்ளே போய் முகம் பார்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் வண்டிக்கு இவ்வளவு பேர் ஆசைப்படுகிறார்களே என்று சிர்க்காவுக்குப் பெருமை. அதுவும் நான் கொடுத்ததுதான்.

ஆனால் இந்த ஆகஸ்டில், ஒன்பதாவது வெற்றிக்குப் பிறகு, சீட்டு ராய்லிக்கு விழுந்தது. சிர்க்கா சாவியை அவள் கையில் வைத்து, கட்டிப்பிடித்துவிட்டு, அதே பணத்துக்கு ராய்லியின் பழைய டொயோட்டாவுக்குச் சீட்டுப் போட்டாள். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இருவரும் வண்டி மாற்றிக்கொண்டு, காப்பிக் கடை வரிசையில் நின்று சிரித்தார்கள். நான் மேடையில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயம். ராய்லி எங்கள் ஓப்பலில் கடைசியாக வந்தாள். சிர்க்கா டொயோட்டாவில் முதலாவதாக வந்தாள், அரைச் சுற்று முன்னால். தேசிய இறுதிப்போட்டிக்கு அவள் பெயர் அன்றுதான் போனது.

மறுநாள் இருவருமாகச் சேர்ந்து எங்கள் சமையலறைக்குள் வந்தார்கள். ராய்லி கையில் அறுத்துத் திறந்த சைலன்சர். அதை மேஜைமேல், பன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேஜை விரிப்பு கெட்டுப்போயிற்று.

"ஏம்ப்பா ஆர்வோ," என்றாள், "உன் சைலன்சர்ல ஒரு குடித்தனமே நடந்திருக்கு. இந்தப் பாரு, எலிக்கூடு."

காற்றுப் பக்கத்துக் குழாயில் உண்மையிலேயே ஓர் எலிக்கூடு இருந்தது. காய்ந்த புல், கொஞ்சம் என் கம்பளி, கடித்துப்போட்ட காகிதத் துண்டுகள். ஒரு துண்டில் போன வருடத்து ஜூலைப் பந்தய நிரலின் தேதி தெரிந்தது. சிர்க்கா அதை விரலால் விரித்துப் பார்த்தாள்.

"சக்கரம் சுத்தவே இல்ல," என்றாள் ராய்லி. "கம்பளிய டர்போ மேலயேவா சுத்துவ? உள்ள எண்ணெய் வெந்து தார் மாதிரி ஆயி, அச்சு அப்படியே ஒட்டிப்போச்சு. மொத நாளே ஒட்டியிருக்கும். ரெண்டு கோடையா இவ பின்னாடி நீ அடைச்சு வச்சது வெறும் தக்கை. இந்தச் சின்னக் கதவு திறந்திருந்தா புகை கொஞ்சமாச்சும் போகும். மூடினா அதுவும் இல்ல, இன்ஜினுக்குக் கழுத்தைப் பிடிச்ச மாதிரி. இதுக்கு எதுக்கு மோட்டார்? யாரு மூடுறது?"

நான் மறைக்கவில்லை. பொத்தானை எடுத்து மேஜைமேல் வைத்தேன். சிர்க்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியே," என்றாள். "போன குளிர்காலம் பூரா பனியில குனிஞ்சு அந்தக் கொட்டகைக் கதவக் கையால தூக்கிட்டிருந்தேன்."

"உனக்காகத்தான்" என்றேன்.

"இந்தத் தக்கைய வச்சுக்கிட்டா இவ என்னை ஒம்பது தடவ தோக்கடிச்சா?" என்று ராய்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பன்னை எடுத்துத் தின்றாள். "நான் வேற வெக்கங்கெட்டுப்போய் வண்டிதான் காரணம்னு வாங்கினேன்."

சிர்க்கா சிரிக்கவில்லை. "போன ஆகஸ்ட்டு?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்வதுதான் என் வழக்கம். "அன்னைக்கு நான் அமுக்கல" என்றேன்.

"அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னதுக்கா?"

"ரெண்டு வாரம்னு சொன்ன."

"என் தலையில தொப்பி மாட்டிவிட்ட," என்றாள். "அழாத, வயசுன்னு ஒண்ணு இருக்குன்னு சொன்ன. ஒரு வருஷமா அந்த வார்த்தைய நெனச்சு நெனச்சு முழிச்சுக் கெடந்திருக்கேன்." குரலை உயர்த்தவே இல்லை. மேஜையிலிருந்து எழுந்து, குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த படத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். துணிப்பெட்டி இரண்டையும் எடுக்க மாடிக்குப் போனாள். ராய்லி எனக்கும் ஒரு பன் எடுத்து வைத்துவிட்டு அவளுக்கு உதவப் போனாள். நான் எதற்காக ஒருத்தருக்கு இரண்டு பெட்டி என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ராய்லி சொன்னதைக் குழு நம்பிவிடக் கூடாது. அவள் மாடு வளர்ப்பவள். எலி எந்த வருடத்துக் காகிதத்தையும் எந்த வருடத்திலும் இழுத்து வரலாம். எண்ணெய் தாரானது உண்மை, ஆனால் வண்டி அவள் கொட்டகையில் நின்ற இரண்டு வாரத்தில் ஆகியிருக்கும், அவளுக்கு வண்டியைப் பராமரிக்கத் தெரியாது. டர்போ வேலை செய்தது. வேலை செய்யவில்லை என்றால், ஐம்பத்தைந்து வயதான ஒரு தபால்காரி, அடைத்த சைலன்சரோடு, தன்னைவிட இருபது வயது இளையவர்களை ஒன்பது முறை முந்தினாள் என்று ஆகும். அப்படி ஒன்றை நான் இந்தக் குழுவை நம்பச் சொல்ல மாட்டேன்.

வாக்குமூலத்தில் இன்னும் ஒன்று பாக்கி. இதை நான் சிர்க்காவிடம் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை.

இந்த ஜூன் மாதம் அவளுக்குத் தம்பெரே தபால் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே வேலை, வாரம் ஐந்து நாள் அக்கா வீட்டில் தங்கல், சனி ஞாயிறு இங்கே. அவளுக்குப் போக ஆசை என்பது அவள் கடிதத்தை வைத்திருந்த விதத்திலேயே தெரிந்தது. எங்கள் தடத்தில் பிர்ச் மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு கூர்மையான வளைவு இருக்கிறது. அங்கே எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள், குறைக்காதவர்கள் மரத்துக்குள் போவார்கள். அந்த ஞாயிறு நான் பொத்தானை வேறெங்கும் அமுக்கவில்லை. அவள் அந்த வளைவுக்குள் நுழையும்போது மட்டும் அமுக்கி, அமுக்கியபடியே பிடித்திருந்தேன், ஏழு சுற்றிலும் அப்படியே. எதிர்பாராத இடத்தில் வேகம் பாய்ந்தால் வண்டி எங்கே போகும் என்று முன்பே நடந்து அளந்து பார்த்திருந்தேன். மரங்கள் இளசு, தலைக்கவசம் புதுசு, இருக்கைப் பட்டையை நானே சோதித்திருந்தேன். ஒரு கால், அதிகம் போனால் இடுப்பு. என் கணக்குப்படி ஆறு வாரம் வீட்டில் இருப்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். சூப் வைக்கக்கூட ஏற்பாடு செய்திருந்தேன், எலும்பு வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில் வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல அழகாக வேகம் குறைந்து, வழுக்காமல் திரும்பியது. அதுவரை இல்லாத இடைவெளியில் ஜெயித்தாள். இறங்கி வந்து, "அந்த வளைவு இன்னைக்கு என் கையில வெண்ணெய் மாதிரி இருந்துச்சு ஆர்வோ, இந்தக் கோடை முடியிறவரைக்கும் எங்கயும் போகல" என்றாள். தம்பெரேக்குப் பதிலைத் தள்ளிப்போட்டாள். ஆக, நான் நினைத்தது வேறு வழியில் நடந்தது. அன்று இரவு அந்த எலும்பில் சூப் வைத்தேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இதுதான் முழு வாக்குமூலம். எனக்கு என்ன தண்டனை என்பதைக் குழு முடிவு செய்யட்டும், சோதகர் பதவியை நான் இன்றே விட்டுவிடுகிறேன். அவள் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே நாடு முழுவதிலுமிருந்து வருவார்கள், பெரிய கூட்டம், பெரிய தடம். தோற்றுப்போய் வண்டியில் உட்கார்ந்து அழுதால், பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார யார் இருக்கிறார்கள்? ராய்லிதான் அவளோடு போகிறாளாம். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

டொயோட்டாவில் அவள் ஜெயித்ததைப் பற்றி யாராவது கேட்கலாம். அந்த வண்டியில் டர்போ இல்லை, கம்பளி இல்லை, நான் தொட்டதே இல்லை. எனக்கும் அது ஒரு வாரம் புரியாமல்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கும் நான் மேடையில் நின்றேன், பழக்கத்தில் கை பைக்குள் போயிருந்தது. பொத்தான் நான் நினைத்ததைவிட வலுவானது என்றுதான் சொல்ல வேண்டும்.

அறுத்த சைலன்சர், வெல்டிங் வைத்த குழாய், எலிக்கூடு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி இதோடு அனுப்புகிறேன். பொத்தானை அனுப்பவில்லை. நீங்கள் இதைப் படித்து முடிவெடுக்க நாளாகலாம், ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போட்டி இருக்கிறது, யாராவது ஒருவர் அவளுக்காக அங்கே நிற்க வேண்டும்.